பொம்மை செய்த பொறியாளர்: குன்பெய் யோக்கோய்

நம் சங்க மலரில் பெரியோர் வரலாறு என்று வந்தால் புலவர், தலைவர், விஞ்ஞானி ஆகியோரையே வழக்கமாகக் காண்கிறோம். அந்த வரிசையில் இம்முறை ஒரு பொம்மைக்காரரைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன். நண்பர்கள் முகஞ்சுளிக்க வேண்டாம். விடுதியில் விளக்கணைத்த பிறகும் போர்வைக்குள் ஒரு சிறு வெளிச்சம் தெரிய, இரு கட்டைவிரல்களால் எதையோ தட்டிக்கொண்டிருப்போர் நம்மில் எத்தனை பேர்! இருபது வயதைக் கடந்தவர்கள். பொறியியலும் பொருளாதாரமும் படிப்பவர்கள். ஊருக்குப் போனால் வீட்டில் பெரிய மனிதர்கள். ஆயினும் விளையாடுகிறோம், வெட்கமின்றி விளையாடுகிறோம். வளர்ந்த மனிதனின் கையில் ஒரு விளையாட்டுக் கருவியை வைத்து, அவனைக் கூசாமல் விளையாடச் செய்த பெருமை யாரைச் சேரும் என்று கேட்டால், முதலில் சொல்லவேண்டிய பெயர்களுள் ஒன்று ஜப்பானியரான குன்பெய் யோக்கோய். அவர் மறைந்தது 1997ஆம் ஆண்டில். நம்மில் பெரும்பாலோர் அப்போது பிறக்கவே இல்லை.

யோக்கோயின் கதையைச் சொல்லுமுன் அவர் முப்பத்தோராண்டுகள் உழைத்த கம்பெனியின் கதையைச் சிறிது சொல்லவேண்டும். நிண்டெண்டோ என்றவுடன் குழந்தைகளின் நினைவுதான் வரும். மீசை வைத்த குழாய்த் தொழிலாளி மாரியோ துள்ளித் துள்ளி ஓடும் கம்பெனி. தாய் தந்தையர் அச்சமின்றிப் பிள்ளைக்கு வாங்கித் தரும் பொருள்களை விற்கும் கம்பெனி. ஆனால் அது பிறந்த இடம் வேறு. 1889ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் கியோட்டோ நகரில் புசாஜிரோ யாமவுச்சி என்பவர் ஹனபுடா என்னும் மலர்ச் சீட்டுகளைச் செய்து விற்கத் தொடங்கினார். மாதத்துக்கு ஒரு மலரோ மரமோ. மாதத்துக்கு நான்காக 48 சீட்டுகள். படங்கள் கண்ணைப் பறிக்கும். ஆயினும் அவற்றை மிகுதியாக வாங்கியவர்கள் சூதாடிகளே. ஆக, குழந்தைகளின் கம்பெனி என்று பெயரெடுத்ததன் தொட்டில் ஆடியது சூதாட்ட விடுதியின் வாசலில்!

அந்தக் கம்பெனியைக் குடும்பத்தின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் நிறுவியவரின் வழிவந்த ஹிரோஷி யாமவுச்சி. பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, 1949இல் இருபதைச் சற்றே தாண்டிய வயதில் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் அவர். 1959இல் வால்ட் டிஸ்னி கம்பெனியாரோடு உடன்பாடு செய்துகொண்டு, மிக்கி எலியின் படம் போட்ட சீட்டுகளை வெளியிட்டார். விளையாடும் முறையை விளக்கும் சிறு புத்தகமும் உடன் வந்தது. ஓராண்டுக்குள் 6 லட்சம் கட்டுகள் விற்றன. சீட்டு என்றால் கெட்ட பழக்கம் என்று நினைத்திருந்த வீடுகளில் தாயும் பிள்ளையும் சீட்டாடத் தொடங்கினர். ஆனால் 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளுக்குப் பின் சீட்டு விற்பனை சரிந்தது. யாமவுச்சி உடனடிச் சோறு விற்றுப் பார்த்தார். வாடகைக் கார் ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் கரையேறவில்லை.

இந்த நேரத்தில்தான் நம் கதாநாயகர் உள்ளே வருகிறார். 1941ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் கியோட்டோவில் பிறந்தவர். அதே நகரின் டோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பொறியியல் படித்தவர். படிப்பில் முதல் வரிசை மாணவர் அல்லர். பெரிய பெரிய மின்சாரக் கம்பெனிகளின் கதவைத் தட்டினார், ஒன்றும் திறக்கவில்லை. வளாகத் தேர்வு நாளில் பட்டியலில் தம் பெயரைத் தேடிவிட்டுத் தலைகுனிந்து திரும்பும் நண்பர்கள் இவ்விடத்தைச் சற்றுக் கவனிக்க. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, வேலையும் கொடுத்தது என்பதற்காக 1965இல் அவர் சேர்ந்த இடம் சீட்டுக் கம்பெனியான நிண்டெண்டோ. சீட்டு செய்யும் யந்திரங்கள் பழுதின்றி ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொள்வது வேலை. யந்திரங்கள் ஒழுங்காக ஓடின. எனவே பொறியாளருக்குப் பொழுது போகவில்லை.

பொழுது போகாத மனிதனைப் பற்றிய அறிவுதான் யோக்கோயின் பெரும் செல்வம் என்று நான் கருதுகிறேன். அந்த அறிவை அவர் முதலில் தம்மிடமிருந்தே பெற்றார். சும்மா இருக்கமுடியாமல், தொழிற்சாலையின் கருவிகளைக் கொண்டு ஒரு விளையாட்டுப் பொருளைச் செய்தார். குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்களைப் பிணைத்த நீட்டுக்கை அது. பிடியை அழுத்தினால் முன்னே நீளும், விட்டால் சுருங்கும். ஒரு நாள் தலைவர் யாமவுச்சி அதைப் பார்த்துவிட்டார். பின்னர் அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் விளையாடியதற்கு வசவு விழப்போகிறது என்று நடுங்கிச் சென்ற இளைஞருக்கு, அதை விற்பனைக்கு உரிய பொருளாக மாற்றும்படி உத்தரவு கிடைத்தது. அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் 1966இல் வெளிவந்த அந்தக் கை 12 லட்சத்துக்கு மேல் விற்றது. யந்திரம் பார்த்தவர் பொம்மை செய்பவர் ஆனார்.

அடுத்த ஆண்டுகளில் வந்தவை பல: வீட்டுக்குள் பந்தெறியும் யந்திரம், மறைந்திருந்து பார்க்கும் குழாய், ஒளியால் சுடும் துப்பாக்கி. அவற்றுள் 1969இல் வந்த லவ் டெஸ்டர் மட்டும் தனியாக நின்று பேசத் தக்கது. அது காதலை அளக்கும் கருவியாம்! இரண்டு உலோகக் கைப்பிடிகள்; நடுவே முள் ஆடும் ஒரு மானி. இளைஞன் ஒரு பிடியையும் பெண் மறு பிடியையும் பற்றிக்கொண்டு, மற்றக் கைகளைக் கோத்துக்கொள்ள வேண்டும். இருவர் உடல் வழியாகவும் ஒரு மிகச் சிறு மின்னோட்டம் பாயும். கை வியர்த்தால் தோலின் தடை குறையும், முள் உயரும். மின்னியலில் முதலாண்டுப் பாடம்; அவ்வளவுதான். ஆனால் அந்தக் காலத்து ஜப்பானில் ஓர் இளைஞன் ஒரு பெண்ணின் கையைப் பிடிப்பதற்கு நல்ல காரணம் ஒன்றைக் கடையில் வாங்கக்கூடியதாகச் செய்தது அது. தமக்கும் அந்த ஆசை இருந்ததாகவே பிற்காலத்தில் யோக்கோய் ஒளிவின்றிச் சொல்லிக்கொண்டார். குழந்தைகளுக்காகச் செய்த பொருள் அன்று இது. குடும்பக் கம்பெனி வளர்ந்தவர்களின் பக்கம் கண்ணைத் திருப்பிய முதல் முயற்சிகளில் இது ஒன்று. ஆயினும் வீட்டுக் கூடத்தில் அம்மாவின் கண்முன் வைக்கத் தகாத ஆபாசம் எதுவும் அதில் இல்லை.

இரண்டாவது முயற்சி பெரிது, அடியும் பெரிது. ஜப்பானில் பந்துருட்டும் ஆட்டத்தின் மோகம் தணிந்து அதற்கான கூடங்கள் காலியாகக் கிடந்தன. ஒளித்துப்பாக்கியைக் கொண்டு அங்கே வளர்ந்தவர்களுக்கான சுடுகளம் அமைக்கலாம் என்று கம்பெனி எண்ணியது. ஒளியை வீசும் துப்பாக்கி, ஒளியை உணரும் மின்கலம். பறக்கும் தட்டைச் சுட்டு வீழ்த்துவது போன்ற ஆட்டம். 1973இல் களங்கள் திறந்தன, கூட்டமும் வந்தது. அதே ஆண்டின் இறுதியில் உலக எண்ணெய் நெருக்கடி வந்து சேர்ந்தது. கூடக்காரர்கள் கேட்டிருந்த களங்களையெல்லாம் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். கம்பெனி கடனில் மூழ்கியது. பெரிய கூடம், பெரிய யந்திரம், பெரிய முதல் என்று போனால் பெரிய காற்றும் சாய்த்துவிடும் என்பதை யோக்கோய் அருகிருந்து பார்த்தார். அதன்பின் அவர் எண்ணம் சிறியதை நோக்கியே சென்றது.

ரயில் பயணம்தான் அவருக்கு விடை தந்தது. அதிவேக ரயிலில் ஒரு நாள் சென்றுகொண்டிருந்தபோது அலுவலகம் செல்லும் மனிதர் ஒருவர் கைக் கணக்குப்பொறியின் பொத்தான்களை வெறுமனே அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டார். கணக்கு ஏதும் இல்லை. சலிப்பு, அவ்வளவுதான். விடுமுறைக்குச் சென்னை செல்லும் ரயிலில் இரண்டு பகலும் ஓர் இரவும் சன்னலோரம் உட்கார்ந்து அனுபவப்பட்ட நமக்கு அந்த மனிதரைப் புரிந்துகொள்வது கடினம் அன்று. யோக்கோய் அந்த மனிதரை வைத்து இப்படிச் சிந்தித்தார்: கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்தவர் நால்வர் நடுவே பொம்மையை எடுத்து விளையாட மாட்டார். ஆனால் கையில் இருப்பது கணக்குப்பொறியைப்போல் மெல்லியதாக இருந்தால்? இரு கைகளையும் மடியில் வைத்து, கட்டைவிரல்களை மட்டும் அசைத்து, பக்கத்து இருக்கைக்காரர் அறியாமலே விளையாட முடிந்தால்? அதிலே ஒரு கடிகாரமும் இருந்தால் வாங்கியதற்கு ஒரு காரணமும் ஆயிற்று.

எண்ணம் கம்பெனித் தலைவரின் காதுக்குப் போனவிதம் ஒரு கதை. யாமவுச்சியின் வெளிநாட்டுக் காரில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். ஒரு நாள் ஓட்டுநர் வரவில்லை. அத்தகைய காரை ஓட்டிப் பழகியவர் யோக்கோய் ஒருவரே என்பதால் தலைவரை ஓசாகா நகரின் கூட்டமொன்றுக்கு அவரே அழைத்துச் செல்ல நேர்ந்தது. பெரிய பொறியாளரைக் காரோட்டச் சொன்னதில் அவருக்குச் சிறிது மனத்தாங்கல் இருந்திருக்கும். வெறும் ஓட்டுநராக இருந்துவிடக் கூடாதென்று, வழியில் இந்தச் சிறு கருவியைப்பற்றிப் பேச்செடுத்தார். தலைவர் தலையசைத்ததோடு சரி. ஆனால் அன்றைய கூட்டத்தில் யாமவுச்சியின் பக்கத்து இருக்கை ஷார்ப் கம்பெனித் தலைவருக்கு அமைந்தது. கணக்குப்பொறிப் போட்டியில் விலைகள் தரைமட்டமாகி, தம் திரவப் படிகத் திரைகளுக்குப் புதிய பயன் தேடிக்கொண்டிருந்த கம்பெனி அது. சில நாள்களில் ஷார்ப் கம்பெனி அதிகாரிகள் நிண்டெண்டோவின் வாயிலில் நின்றார்கள்.

1980ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் கேம் அண்ட் வாட்ச் வரிசையின் முதற் கருவி விற்பனைக்கு வந்தது. விலை 5,800 யென். பந்துகளை மேலே எறிந்து பிடிப்பதே ஆட்டம். கணக்குப்பொறியில் எண்ணின் கோடுகள் எப்படித் திரையில் முன்கூட்டியே பொறிக்கப்பட்டு, தேவையானபோது கறுத்துத் தெரிகின்றனவோ, அப்படியே இதில் பந்தின் ஒவ்வோர் இடமும் கையின் ஒவ்வொரு நிலையும் பொறிக்கப்பட்டிருந்தன. அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்து மறையும்போது பந்து பறப்பதுபோல் இருக்கும். புதிய கண்டுபிடிப்பு என்று இதில் ஒரு திருகாணிகூட இல்லை. இதுதான் யோக்கோயின் கொள்கை. முற்றி, மலிந்து, குறைகளெல்லாம் தெரிந்துபோன தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டு, அதை எவரும் நினையாத வேறொரு வேலைக்குப் பயன்படுத்த வேண்டும் என்பார். ஜப்பானிய மொழியில் அதனை வாடிய தொழில்நுட்பம் என்றே குறித்தார். நம் தச்சர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. நன்றாகக் காய்ந்த மரந்தான் கதவுக்கு ஆகும். பச்சை மரம் மழைக்கு ஒரு பக்கமும் வெயிலுக்கு ஒரு பக்கமும் வளையும்.

அலுவலகக்காரரை எண்ணிச் செய்த கருவியைப் பிள்ளைகளும் பாய்ந்து பறித்துக்கொண்டார்கள். 1991 வரை இவ்வரிசையில் விற்றவை 4 கோடியே 34 லட்சம்; அவற்றுள் 3 கோடிக்கு மேல் ஜப்பானுக்கு வெளியே. கம்பெனியின் கடன் தீர்ந்தது. 1982இல் இரண்டு திரைகளோடு, முகப்பெட்டியைப்போல் மடிக்கத்தக்கதாக ஒன்று வந்தது. டாங்கி காங் என்னும் ஆட்டத்துக்கு நான்கு திசைகளிலும் நகர்த்தும் பிடி வேண்டும். கூடத்து யந்திரங்களில் இருப்பதுபோல் கழி வைத்தால் கருவி மூடாது. ஆகவே கழியை நீக்கிவிட்டு, கட்டைவிரலுக்கு அடியில் தட்டையான சிலுவை வடிவப் பொத்தான் ஒன்றை அமைத்தார். பின்னாளில் பிற கம்பெனிகளின் கருவிகளிலும் இடது கட்டைவிரல் தேடுவது அந்தச் சிலுவையைத்தான்.

டாங்கி காங்கின் மூல ஆட்டத்தை 1981இல் வரைந்தவர் ஷிகேரு மியாமோட்டோ என்னும் இளைஞர், மேற்பார்வை யோக்கோயுடையது. 1983இல் வந்த தொலைக்காட்சிக் கருவி மசாயூக்கி உவேமுராவின் குழு செய்தது. அதன்பின் மாரியோவின் புகழ் யோக்கோயின் பெயரை மறைத்தது. இடையில் 1986இல் அவருடைய பிரிவு மெட்ராய்டு என்றோர் ஆட்டத்தை அளித்தது. இருண்ட கோளொன்றில் கவசமணிந்த வீரர் தனியே அலைவது கதை. ஆட்டத்தை விரைந்து முடித்தால் கவசத்துக்குள்ளிருப்பது ஒரு பெண் என்று தெரியவரும். மாரியோவின் வெயிலில் பழகியவர்களுக்கு அந்த இருட்டு புதியது.

இனி அவருடைய பெரும் படைப்புக்கு வருவோம். கேம் பாய் 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்தது. விலை 12,500 யென். திரையில் வண்ணம் கிடையாது; வெளிர்பச்சையில் நான்கு சாயைகள். பின்விளக்கும் கிடையாது. அதே ஆண்டு அடாரி கம்பெனியும் அடுத்த ஆண்டு சேகா கம்பெனியும் வண்ணத் திரையோடு கருவிகளை வெளியிட்டன. அழகுதான். ஆனால் ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்தில் விழுங்கிவிட்டு வாய் பிளந்தன. கேம் பாய் நான்கு மின்கலங்களில் பதினைந்து மணி நேரம்போல் ஓடியது. விலையும் அடாரியினுடையதில் ஏறக்குறைய பாதி. போட்டிக் கம்பெனி வண்ணத்திரை செய்கிறது என்று உடன் வேலை செய்தவர்கள் பதறியபோது அவர் நிம்மதியடைந்தாராம்! இவ்விடத்தில் நியாயம் சொல்லவேண்டும். யோக்கோய் எளிய பொம்மையாகவே நினைத்த அதை, பல ஆட்டங்களை மாற்றிப் போடத்தக்க உறுதியான கருவியாக்க வாதாடியவர் அவருடைய உதவியாளர் சடோரு ஒகாடா. புகழ் முழுவதையும் ஒருவர் தலையில் சூட்டுவது வரலாற்றாசிரியருக்கு வசதி. உண்மைக்கு அது வசதியில்லை.

அமெரிக்காவில் கருவியோடு எந்த ஆட்டத்தைச் சேர்த்துத் தருவது என்ற கேள்வி எழுந்தது. மாரியோ கைவசம் இருந்தான். அப்போது ஹெங்க் ரோஜர்ஸ் என்ற வணிகர் குறுக்கிட்டார். மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பு நிலையத்தில் 1984இல் அலெக்சி பஜித்னோவ் செய்த டெட்ரிஸ் என்னும் ஆட்டத்தின் உரிமையைத் தேடி, 1989 பிப்ரவரியில் அழைப்பின்றியே மாஸ்கோவுக்குப் போனவர் அவர். சிறுவர்கள் மட்டும் போதுமானால் மாரியோவைக் கொடுங்கள், எல்லோரும் வேண்டுமானால் டெட்ரிஸைக் கொடுங்கள் என்ற கருத்தில் அமெரிக்கக் கிளைத் தலைவர் மினோரு அரகாவாவிடம் வாதாடினார். அரகாவா இசைந்தார். மேலிருந்து கட்டைகள் விழும், இடைவெளியின்றி அடுக்கவேண்டும். கதை இல்லை, இளவரசி இல்லை, இரத்தமும் இல்லை. நம் அண்ணன்மார் சிறுவயதில் திருவிழாக் கடையிலும் பாலிகா பஜாரிலும் வாங்கி விளையாடிய கட்டை அடுக்கும் சீனக் கருவிகள் இதன் நகல்களே. இந்தப் பேரத்தில் யோக்கோய்க்குப் பங்கில்லை. ஆனால் அவர் ரயிலில் கண்ட சலித்த மனிதருக்கும் அந்த ஆட்டத்துக்கும் பொருத்தம் பத்தும் அமைந்தது.

விளைவு என்ன? 1991இல் மருத்துவமனையில் இருந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மூத்த புஷ் கையில் கேம் பாயோடு படம் பிடிக்கப்பட்டார். அதே ஆண்டு வளைகுடாப் போரில் ஒரு படைவீரரின் கேம் பாய் குண்டுவீச்சில் கருகியது. மேலுறை உருகிப்போயிருந்தும் ஆட்டம் ஓடியது. நியூயார்க்கில் கம்பெனியின் கடையில் அதைப் பல ஆண்டுகள் காட்சிக்கு வைத்திருந்தார்கள். 1993இல் ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்சாந்தர் செரெப்ரோவ் மீர் நிலையத்துக்குச் சென்றபோது ஒரு கேம் பாயையும் டெட்ரிஸையும் உடன் கொண்டுபோனார். 196 நாள் அது விண்ணில் இருந்தது. 1995இல் கம்பெனி வெளியிட்ட கணக்கின்படி கேம் பாய் விளையாடியோரில் 46 சதவீதம் பெண்கள். தொலைக்காட்சிக் கருவியில் அது 29 சதவீதமாகவே இருந்தது. பின்னர் வந்த வண்ணக் கேம் பாயையும் சேர்த்து விற்றவை 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல்.

இதே காலத்தில் தொலைக்காட்சிக் கருவிப் பக்கம் வேறொரு போர் நடந்துகொண்டிருந்தது. வளர்ந்தவர்களைப் பிடிக்க வேறொரு வழியைக் கண்டது சேகா: அண்ணன்மார் விளையாடுவது எங்களுடையது, தம்பிமார் விளையாடுவது நிண்டெண்டோ என்னும் தோரணை. 1993 செப்டம்பரில் மார்ட்டல் காம்பட் என்னும் சண்டை ஆட்டம் இரு கருவிகளுக்கும் வந்தது. நிண்டெண்டோ இரத்தத்தைச் சாம்பல் நிற வியர்வையாக மாற்றியது; கொடூரக் காட்சிகளைத் தணித்தது. சேகாவின் கருவியில் சில பொத்தான்களை வரிசையாக அழுத்தினால் இரத்தம் பீறிட்டது. அதிகம் விற்றது இரத்தம் பீறிட்டதுதான். டிசம்பரில் அமெரிக்கச் செனட் சபை இதை விசாரித்தது. அதன் பயனாக 1994இல் ஆட்டங்களுக்கு வயதுத் தரம் குறிக்கும் அமைப்பு ஏற்பட்டது. அதே ஆண்டு இரண்டாம் மார்ட்டல் காம்பட் வந்தபோது நிண்டெண்டோ இரத்தத்தை அப்படியே விட்டுவிட்டது. நல்ல பிள்ளையாக இருந்து நட்டப்பட்டவன் பிறகு செய்வதைத்தான் செய்தது. குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒன்று தோன்றுகிறது. அதே கம்பெனியின் இன்னொரு பிரிவில், பிரதமர் முதல் பாட்டி வரை எவரும் கூசாமல் கையில் எடுக்கும் பொருள் இருந்தது. அதில் ஒரு சொட்டு இரத்தமும் தேவைப்படவில்லை.

யோக்கோயின் இறங்குமுகத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கண்ணருகே வைத்துப் பார்த்தால் ஆழம் தெரியும் திரை ஒன்றை மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிறு கம்பெனியொன்று காட்டியது. சிவப்பு விளக்குகளின் வரிசையும் அதிரும் கண்ணாடியும் அதன் உறுப்புகள். சிவப்பு விளக்கு மலிவு, வாடிய தொழில்நுட்பம்தானே! 1995 ஜூலையில் விர்ச்சுவல் பாய் 15,000 யென் விலையில் வந்தது. தலையில் அணிய முடியாது. மேசைமேல் நிறுத்தி அதற்குள் முகத்தைப் புதைக்கவேண்டும். எல்லாம் சிவப்பும் கறுப்பும். கழுத்து வலித்தது, கண் கூசியது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் தரவேண்டாம் என்ற எச்சரிக்கையைக் குழந்தைகளின் கம்பெனியே பெட்டிமேல் அச்சிட நேர்ந்தது! பெரியவர்களும் வரவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் அறியாமல் விளையாடலாம் என்று கணக்கிட்டவர், ஊரே பார்க்க முகத்தைப் பெட்டிக்குள் விடச்சொல்லும் கருவியை எப்படிச் செய்தார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. முதிராமலே அவசரமாகச் சந்தைக்குத் தள்ளப்பட்டது என்பர். இருக்கலாம். ஆனால் தம் ரயில் மனிதரை அவரே மறந்த ஒரு கருவி அது என்பதே என் எண்ணம். ஏறக்குறைய 7 லட்சத்து 70 ஆயிரம் விற்றதோடு ஓராண்டுக்குள் கதை முடிந்தது.

அந்தத் தோல்விக்காக வெளியேற்றப்பட்டார் என்று பலர் எழுதுகிறார்கள். ஐம்பதை ஒட்டிய வயதில் விலகித் தனியே தொழில் செய்யவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் திட்டம். தோல்வியோடு போக மனமில்லாமல் கேம் பாயை மெலியச் செய்து கேம் பாய் பாக்கெட்டாக 1996 ஜூலையில் வெளியிட்டுவிட்டு, ஆகஸ்டு 15ஆம் நாள் விலகினார். கியோட்டோவிலேயே கோட்டோ என்ற சிறு கம்பெனியைத் தொடங்கி, பண்டாய் கம்பெனிக்காக ஒற்றை மின்கலத்தில் ஓடும் கைக்கருவி ஒன்றைத் திட்டமிட்டார்.

அது வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை. 1997ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் இஷிகாவா மாவட்டத்தில் ஹொக்குரிக்கு நெடுஞ்சாலையில் அவர் சென்ற கார் முன்னே சென்ற லாரியில் மோதியது. பெரிய காயம் இல்லை. சேதத்தைப் பார்க்கக் கீழே இறங்கி நின்றவர்மேல் வேறொரு கார் மோதிவிட்டது. வயது 56. ஒற்றை மின்கலக் கருவி 1999 மார்ச்சில் வொண்டர்ஸ்வான் என்ற பெயரில் 4,800 யென்னுக்கு வந்தது. கோடுகளை இணைக்கும் புதிர் ஒன்று அதனுடன் வெளியாயிற்று. அதற்கு அவர் பெயரையே குன்பெய் என்று இட்டிருந்தார்கள். 2003இல் ஆட்டம் படைப்போர் சங்கத்தின் வாழ்நாள் சாதனை விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

கம்பெனியோ வளர்ந்தவர்களை இரத்தத்தின் வழியாகவும் தேடிப்பார்த்தது. 2001இல் குடித்துத் தள்ளாடும் அணில் ஒன்றைக் கதாநாயகனாகக் கொண்ட ஆட்டம் அதன் கருவியில் வந்தது. அதே ஆண்டு பிணங்கள் எழுந்து நடக்கும் ரெசிடெண்ட் ஈவில் வரிசையைத் தன் கேம்கியூப் கருவிக்கென்று காப்காம் கம்பெனியிடம் பெற்றது. 2002இல் எடர்னல் டார்க்னஸ் என்னும் பேய்க்கதை ஆட்டத்தைத் தானே வெளியிட்டது. படைப்புகள் மட்டமானவை அல்ல. ரெசிடெண்ட் ஈவிலின் நான்காம் பாகத்தை ரசிகர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆயினும் கேம்கியூப் 2 கோடியே 17 லட்சத்தோடு நின்றது. எதிரே சோனியின் கருவி 15 கோடிக்கு மேல் போயிற்று.

2004 இறுதியில் கம்பெனி டி.எஸ். என்றொரு கைக்கருவியை வெளியிட்டது. மேலொன்று கீழொன்றாக இரண்டு திரைகள். முகப்பெட்டியைப்போல் மடித்து மூடலாம். 1982ஆம் ஆண்டின் கருவியைப் பார்த்தவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டியதில்லை. 2005 மே மாதத்தில் மூளைக்குப் பயிற்சியென்று சிறுசிறு கணக்குகளும் எழுத்துகளும் கொண்ட ஓர் ஆட்டம் அதற்கு வந்தது. ஓய்வுபெற்றவர்களும் பாட்டிமாரும் கடையில் கேட்டு வாங்கினர். அதை விளையாடும்போது கருவியைப் பக்கவாட்டில் திருப்பி, புத்தகம்போல் விரித்துப் பிடிக்கவேண்டும். ரயிலில் எதிரே இருப்பவருக்கு ஏதோ படித்துக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும்.